குப்பை மிஞ்சாத சாப்பாடு

1

ஜூன் மாதத்தில் ஒரு நாள், நான் வேலை செய்யும் பாடசாலைச் சமையலறையில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு நின்றபோது நகரசபையின் பூங்காப் பிரிவிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் ஒரு பெண். நல்ல மரியாதையான குரல். இந்த நாட்டில் 'முடியாது' என்பதை அப்படியான குரலில்தான் சொல்வார்கள் என்பது எனக்கு இத்தனை வருடத்தில் பழகிவிட்டது.

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலுள்ள இந்த நகரத்தில் எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்கள் கொஞ்சப் பேர் இருக்கிறோம். புத்தளம், கற்பிட்டி, மதுரங்குளி, சிலாபம் என்று அந்தக் கரையோரம் முழுவதிலுமிருந்து வந்து சேர்ந்த குடும்பங்கள். ஒவ்வொரு கோடையிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கூடிச் சாப்பிடுவோம். அதற்கு அனுமதி வாங்கும் வேலை இந்த வருடம் என் தலையில் விழுந்திருந்தது.

"லிட்டருக்கு என்ன ஏற்பாடு?" என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் கேட்டார்.

"நாற்பது கொண்டு வருவோம். வெயில் கூடினால் இன்னும் கொண்டு வருவோம்" என்றேன் பெருமையாக. எங்கள் பிள்ளைகள் தோடம்பழச் சாறு குடிக்கிற வேகம் எனக்குத்தானே தெரியும்.

மறுபக்கத்தில் அவர் அதை எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "நாற்பதா?" என்றார்.

ஆங்கிலத்தில் லிட்டர் என்றால் குப்பை, அவர் கேட்டது அதைப் பற்றி. நான் சொன்னது லீட்டர் கணக்கு. இரண்டுக்கும் நடுவே ஓர் எழுத்து நீளம்தான் வித்தியாசம். இந்த மொழியில் அந்த நீளத்தில்தான் நான் எப்போதும் தடுக்கி விழுவேன். அவர் சிரித்துவிட்டார், நானும் சிரித்தேன். சிரித்து முடிந்ததும் அதே மரியாதையான குரலில் சொன்னார்: போன வருடத்துப் படங்கள் தன்னிடம் இருக்கின்றன. குப்பைத் தொட்டி நிரம்பி, அதைச் சுற்றிலும் கறுப்புப் பைகள். புல்லில் கருகிய சதுரங்கள். இந்த முறை வேறு விதமாகச் செய்வோம் என்று தெளிவாகச் சொன்னால்தான் அனுமதி. அதற்கு ஒரு வாரம் தருவதாகச் சொன்னார்.

அந்தக் கருகிய சதுரங்கள் எனக்கு நன்றாக நினைவிருந்தன. கடையில் விற்கும், ஒருமுறை மூட்டிவிட்டு எறிகிற தகர அடுப்புகள் விட்ட தடங்கள் அவை. எங்கள் ஒன்றுகூடல்களை நடத்தும் நியாஸ் நானா அதில்தான் கோழி சுடுவார். அவர் மதுரங்குளிக்காரர், எங்கள் எல்லோருக்கும் அண்ணன் முறை. இருபத்தைந்து வருடமாக இங்கே பஸ் ஓட்டுகிறார்.

2

போன வருடத்து ஒன்றுகூடலை என் மகள் ஹம்னா பாதியில் விட்டுவிட்டுப் போனாள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது.

சாப்பாடு முடிந்த நேரம். பிளாஸ்டிக் தட்டுகள், கரண்டிகள், அரைவாசி குடித்த போத்தல்கள், தொடாத சோறு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தோம். அவள் பக்கத்தில் நின்று பார்த்தாள்.

"உம்மா, ரெண்டு மணித்தியாலம் சாப்பிட இவ்வளவா?" என்றாள் ஆங்கிலத்தில்.

"எல்லாரும் இப்படித்தானே மகள்" என்றேன்.

"அதனாலதான்" என்றாள். பிறகு நடந்தே வீட்டுக்குப் போய்விட்டாள். வீட்டுக்கு வந்து பார்த்தபோது அறைக்கதவு சாத்தியிருந்தது. இனி இந்தச் சாப்பாட்டுக்கு வரமாட்டேன் என்று கதவுக்கு உள்ளிருந்தே சொன்னாள்.

எங்களோடு சேராமலிருக்கக் குப்பை அவளுக்கு ஒரு சாட்டு என்றுதான் அன்று நினைத்தேன். எங்கள் ஆட்கள், எங்கள் கதை, எங்கள் சாப்பாடு எல்லாவற்றிலிருந்தும் அவள் கொஞ்சம் கொஞ்சமாக நழுவிக்கொண்டிருந்த காலம் அது. வீட்டில் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். பெருநாள் உடுப்பை ஒரு மணித்தியாலம் உடுத்தியிருந்துவிட்டுக் கழற்றிவிடுவாள். கதவைத் தட்டி என்ன சொல்வதென்று தெரியாமல் நான் கீழே போய்ப் பாத்திரம் கழுவினேன்.

3

அடுத்த மாதம் ஊருக்குப் போனோம், நானும் அவளும் மட்டும். என் கணவருக்கு வேலையில் லீவு கிடைக்கவில்லை.

என் தம்பி ரிஸ்வி கற்பிட்டியில் வள்ளம் வைத்திருக்கிறான். டொல்பின் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களை ஏற்றி இறக்குவது தொழில். ஆகஸ்ட் மாதத்தில் வெளிக்கடல் கொந்தளிக்கும், டொல்பின் பயணம் கிடையாது. சோழகம் என்கிற தென்மேற்குக் காற்றுக்குப் பெரிய பட்டங்களைக் கட்டிக்கொண்டு பலகையில் வழுக்குகிறவர்கள் மட்டும்தான் தண்ணீரில் இருப்பார்கள். அதனால் ரிஸ்வி எங்களைக் களப்புக்குள், கரைக்கு உள்ளே ஒதுங்கிய ஆழமில்லாத கடல்நீருக்குள், ஒரு மணல்திட்டுக்குக் கூட்டிப் போனான். அவனுடைய மனைவி நஸ்லியா, அவர்களுடைய பிள்ளைகள், நாங்கள் இரண்டு பேர்.

பாலாவிச் சந்தியில் ஒரு கடையில் சோற்றுப் பார்சல் வாங்கி வந்திருந்தான். ஒவ்வொன்றும் லன்ச் ஷீட் என்கிற மெல்லிய பொலித்தீன் தாளில் கட்டி, அதற்கு மேல் கடதாசி சுற்றியது. மீன் பொரியல், பருப்பு, சம்பல். கண்டல் மரத்தடியில் இருந்து சாப்பிட்டோம். ஹம்னாவும் நன்றாகச் சாப்பிட்டாள். வெறும் தாள்களை நஸ்லியா ஒன்றாகச் சேர்த்துத் தன் செருப்புக் காலுக்குக் கீழே அமுக்கி வைத்தாள். போத்தல் எடுக்க அவள் எழும்பிய அந்த நொடியில் காற்று ஒரு அடி அடித்தது. தாள்கள் எல்லாம் எங்கள் தலைக்கு மேலால் பறந்து தண்ணீரில் விழுந்தன.

"விடுங்க ராத்தா" என்றான் ரிஸ்வி, அக்காவான என்னைப் பார்த்து. "காத்து கொண்டு போவட்டும். கடல் பெருசு."

ஹம்னாவுக்கு எவ்வளவு தமிழ் விளங்கும் என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது. இது விளங்கியிருந்தது. சப்பாத்தைக் கழற்றி வைத்தாள். சல்வாரோடு தண்ணீரில் இறங்கினாள்.

4

முதலில் யாரும் பயப்படவில்லை. அந்த இடத்தில் களப்பு முழங்காலுக்கு மேல் வராது. அவள் ஒரு தாளைப் பிடித்தாள், இன்னொன்றைப் பிடித்தாள். மற்றவை அவளுக்கு முன்னால் மிதந்துகொண்டே போயின. அவளும் போனாள். தண்ணீர் இடுப்புக்கு வந்தது.

"ஏ புள்ள, அங்கால ஆழம்!" என்று நஸ்லியா கத்தினாள்.

நான் கடற்கரையில் வளர்ந்தவள். நீந்தத் தெரியாது. எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு யாரும் பழக்குவதில்லை. கரையில் நின்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். காற்றின் இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ரிஸ்வி சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினான். அவனுக்குப் பின்னால் நஸ்லியா அபாயாவோடு இறங்கினாள். அதைப் பார்த்து நானும் இறங்கினேன். போகிற வழியில் கைக்கு எட்டிய தாள்களை எல்லோரும் பிடித்துக்கொண்டே போனோம். ஏன் பிடித்தோம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அவள் பிடித்துக்கொண்டு போகும்போது நாங்கள் சும்மா நடந்து போக முடியவில்லை.

அவள் திடீரென்று நின்றாள். எங்களைத் திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் பின்னால் நீட்டி, வராதீர்கள் என்பதுபோல் விரித்தாள்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது. ஒரு பெரிய மனிதர் ஆழ்ந்த தூக்கத்தில் புரண்டு படுக்கும்போது விடுகிற மூச்சைப் போல ஒரு சத்தம். அவளுக்கு முன்னால், ஒரு தோணியின் நீளத் தூரத்தில், தண்ணீருக்கு மேலே ஒரு முதுகு வந்தது. சாம்பலும் மண்ணும் கலந்த நிறம். மழுமழுவென்று இருந்தது. மூக்குத் துவாரங்கள் இரண்டும் திறந்து, மூடிக்கொண்டன. அதன் பக்கத்தில் இன்னொரு மூச்சு, சின்னதாக. தாயோடு ஒட்டிக்கொண்டு ஒரு குட்டி.

ரிஸ்வியின் வாய் திறந்திருந்தது. "கடல்பன்றி" என்றான் மெதுவாக. "ராத்தா, கடல்பன்றி. உசிரோட."

இருபது வருடமாகத் தண்ணீரில் திரிகிறவன் அவன். சிலர் கடல்பசு என்று சொல்லும் இந்த விலங்கில் ஒரேயொன்றைத்தான் பார்த்திருந்தான். அதுவும் வலையில் சிக்கிச் செத்துக் கரைக்கு வந்தது.

"சுப்ஹானல்லாஹ்" என்றாள் நஸ்லியா. நாங்கள் கையில் ஊத்தைத் தாள்களோடு, இடுப்பளவு தண்ணீரில் வரிசையாக நின்றோம். காற்று அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இவ்வளவு பெரிய உயிர், இவ்வளவு சாந்தமாக, நான் சிறுமியாக இருந்த காலத்திலிருந்தே இந்தக் களப்புக்குள் மூச்சு விட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. நான் அதை அறியாமலே வளர்ந்து, கல்யாணம் முடித்து, கடல் கடந்து போயிருக்கிறேன்.

அந்தக் குட்டிக்குக் கிட்டத்தில் ஒரு தாள் மிதந்தது. ஹம்னா அதைப் பார்த்தாள். தண்ணீர் கலங்காமல் ஒவ்வொரு அடியாக வைத்துப் போனாள். கையை நீட்டி எடுத்தாள். எடுத்ததைத் தன் சட்டைக்குள் செருகிக்கொண்டாள். தாய் தலையைக் கீழே போட்டது. அது கடற்புல்லைப் பிடுங்கும் இடத்திலிருந்து சேறு மெல்லப் புகைபோல மேலே வந்தது. பிறகு இரண்டும் தூரத்தில் ஒருமுறை மூச்சு விட்டன. அதற்குப் பிறகு காணவில்லை.

கரைக்கு வந்ததும் ஹம்னா நேரே ரிஸ்வியிடம் போனாள். அன்றுதான் அவள் தன் மாமாவோடு முதல்முறையாகத் தானாகத் தமிழில் பேசினாள்.

"மாமா, அது மூஞ்சி விட்டது! எனக்குக் கேட்டது!"

"மூச்சு, மகள்" என்றான் ரிஸ்வி.

"பன்றியெண்டா ஹராமோ?" என்று நஸ்லியா கேட்டாள்.

"பேருதான் பன்றி. அது புல்லுத் திங்கிற சாதி. பழைய ஆக்கள் புடிச்சித் திண்டிருக்காங்க. இப்ப புடிச்சா பொலிஸ் கொண்டு போய் மறியல்ல போடும்." பிறகு தன் கையிலிருந்த தாள்களைப் பார்த்தான். "கொழும்புக் குப்பைய எங்கட ஊர்ல கொட்ட வேணாமெண்டு நாங்க எல்லாரும் ரோட்டுல போய் நிண்டம் ராத்தா. எங்கட குப்பைய வேணாமெண்டு ஆரு நிண்ட?"

அவன் வள்ளத்தை எடுத்துக்கொண்டு காற்றுப் போன பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றினான். ஹம்னா முன்னால் இருந்து கையை நீட்டி வழி காட்டினாள். எல்லாம் கிடைக்கவில்லை.

5

ஆகவே நகரசபைப் பெண் தந்த ஒரு வாரத்தில் நான் முதலில் கேட்டது ஹம்னாவிடம்தான்.

"பிளாஸ்டிக் இல்லாமச் செய்யலாமா மகள்? செஞ்சா வருவியா?"

அவள் குசினிக் கதிரையை இழுத்துப் போட்டு என் முன்னால் இருந்தாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

தகர அடுப்பு வேண்டாம் என்பதில் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம். பள்ளிவாசல் குசினியில் கிடாரத்தில் சமைத்து, வேனில் கொண்டு போகலாம். போத்தல் வேண்டாம், பூங்காவில் குழாய் இருக்கிறது, வீட்டு ஜக்குகள் போதும். தட்டில்தான் முட்டிக்கொண்டோம். கடதாசித் தட்டு என்றேன். அதற்கு உள்ளேயும் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது என்றாள். எனக்கு ஒரு நல்ல யோசனை வந்ததாக நினைத்து, "வாழையிலை!" என்றேன்.

"உம்மா, இங்க கடையில விக்கிற வாழையிலை பிளேன்ல வருது" என்றாள்.

அதை நினைத்துப் பார்த்தேன். ஒரு இலை என்னைப் போலவே விமானம் ஏறி வந்து, அரை மணித்தியாலம் சோற்றுக்குக் கீழே கிடந்துவிட்டுக் குப்பைக்குப் போகிறது.

அப்போதுதான் அலுமாரிக்கு மேலிருந்த சஹன் கண்ணில் பட்டது. நோன்பு காலத்தில் மட்டும் இறக்குகிற பெரிய வட்டத் தட்டு. எங்கள் ஆட்களின் எந்த வீட்டிலும் ஒன்றாவது இருக்கும். ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் இருந்து கையால் சாப்பிடலாம்.

தொண்ணூறில், போரின் நடுவே, முஸ்லிம்களான எங்களை மன்னாரிலிருந்து வெளியேற்றினார்கள். தோணியில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியபோது எனக்கு எட்டு வயது. தென்னந்தோட்டத்தில் ஓலைக் கொட்டில் போடும்வரைக்கும் எங்கள் சாப்பாடெல்லாம் வெளியில்தான். இங்கே அதற்குப் பெயர் பிக்னிக். எங்களிடம் தட்டுக் கிடையாது. அந்த ஊர்ப் பெண்கள், எங்களை அதற்கு முன் ஒரு நாளும் கண்டிராதவர்கள், தங்கள் கல்யாணச் சஹன்களைச் சோற்றோடு தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எந்தச் சஹன் யாருடையது என்று யாரும் அடையாளம் வைக்கவில்லை.

இதை ஹம்னாவுக்கு நான் இதற்கு முன் சொன்னதில்லை. கேட்டுவிட்டு அலுமாரிக்கு மேலிருந்த சஹனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அவள் சொன்னது நான் எதிர்பார்த்ததல்ல.

"நல்ல ஐடியா உம்மா. ஆனா என்னால ஏலாது. தெரியாத ஆக்களோட ஒரே தட்டுல கை போட..." முகத்தைச் சுழித்தாள். "சொரி."

நியாஸ் நானாவும் அதையேதான் சொன்னார், வேறு வார்த்தையில். "தங்கச்சி, நம்மட பிள்ளையள் சஹன்ல குந்தாது. அந்தத் தொத்து வருத்தம் வந்து போன பிறகு பெரியாக்களும் யோசிப்பாங்க."

"விருப்பமில்லாதவங்க வீட்டுத் தட்டக் கொண்டு வரட்டும் நானா. எறியிற தட்டு மட்டும் வேணாம்."

"என்ட கோழி?"

"கிடாரத்துல போடுங்க."

பெருமூச்சு விட்டார். ஆனாலும் ஒப்புக்கொண்டார்.

நகரசபைப் பெண்ணுக்குத் தொலைபேசியில் விளக்கியது இன்னொரு கதை. ஆறு பேருக்கு ஒரு தட்டு என்றேன். "ஆறு தட்டா?" என்றார். இல்லை, ஒரு தட்டு, ஆறு பேர். "ஒரே தட்டிலிருந்தா?" என்றார். "ஓம்" என்றேன். ஆங்கிலத்தில் பேசும்போது பதற்றம் வந்தால் என் வாயில் யெஸ்ஸுக்குப் பதில் ஓம்தான் வரும். அவருக்கு அது விளங்கியிருக்க வேண்டும். அனுமதி கிடைத்தது.

6

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் மழை தூறியது. பதினொரு மணிக்கு மேல் வெயில் வந்து புல் ஆவி விட்டது. வேனிலிருந்து கிடாரங்களை இறக்கினோம். பாய்களை விரித்தோம். ஒவ்வொரு குடும்பமும் சஹனைக் கொண்டு வந்திருந்தது. ஈயம், எனாமல், எவர்சில்வர் என்று பலவகை. சிலர் வீட்டுத் தட்டுகளைத் துவாயில் சுற்றிக் கொண்டு வந்திருந்தார்கள். பழக்கத்தில் பழச்சாறு டின் கொண்டு வந்தவர்களும் உண்டு. யாரையும் ஒன்றும் சொல்லவில்லை.

ஹம்னா வந்தாள். தன் தட்டோடு வந்தாள். ஒரு எவர்சில்வர் தட்டு, ஒரு கரண்டி. வந்ததே பெரிது என்று நினைத்துக்கொண்டேன்.

பூங்காப் பெண்ணும் வந்தார். அவர் குரலிலிருந்து நான் மனதில் வைத்திருந்ததைவிட வயது குறைந்தவர். கையில் குப்பை பொறுக்கும் நீண்ட இடுக்கி. சோறு குவித்த சஹன்களை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களோடு இருங்கள் என்றேன். கடமை நேரம் என்று மறுத்தார், ஆனால் போகவுமில்லை.

நாங்கள் இருந்த பாயின் ஓரத்தில் ஒரு பெண் நின்றாள். பெயர் ஷிரோமி, சிலாபத்துக்காரி. இங்குள்ள ஆஸ்பத்திரிக்குத் தாதியாக வந்து கொஞ்ச மாதம்தான் ஆகிறது. அங்கே அவளோடு வேலை செய்யும் நியாஸ் நானாவின் மனைவி கூட்டி வந்திருந்தார். எங்கள் மதமுமல்ல, சஹன் பழக்கமுமில்லை. எங்கள் சஹனில் ஹம்னாவின் இடத்தோடு இரண்டு இடங்கள் காலியாக இருந்தன.

"வாங்க, குந்துங்க" என்றேன்.

"ஐயோ அக்கா, நான் எப்பிடி..." என்று சிங்களம் கலந்த தமிழில் இழுத்தாள். "பழக்கமில்லயே. நான் அங்கால இருக்கிறன்." கண் மட்டும் சோற்றிலேயே இருந்தது.

பக்கத்துப் பாயில் தன் தட்டோடு இருந்த ஹம்னா எங்களைப் பார்த்தாள். எழும்பினாள். தட்டையும் கரண்டியையும் புல்லில் வைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் குந்தினாள். ஆக, தெரியாத ஆட்களோடு கை போட்டுப் பழக்கமில்லாதவர்கள் இப்போது இரண்டு பேர். ஷிரோமி அவளைப் பார்த்துக்கொண்டே எதிரே இருந்தாள்.

ஹம்னா கொஞ்ச நேரம் கையை மடியிலேயே வைத்திருந்தாள். பிறகு சோற்றில் விரலால் ஒரு கோடு கீறினாள். "இது உங்கட பக்கம். இது என்ட பக்கம்" என்றாள் தமிழில்.

ஷிரோமி சிரித்தாள். கையைப் போட்டாள். முதல் வாயைச் சாப்பிட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். "வந்ததிலயிருந்து ரூமில தனிய கரண்டியால தின்னுறன் நங்கி" என்றாள். நங்கி என்றால் சிங்களத்தில் தங்கை. அது ஹம்னாவுக்கு விளங்கியதோ தெரியாது.

கொஞ்ச நேரத்தில் நான் கண்டதைச் சொல்கிறேன். சஹனின் நடுவே நல்லதொரு கோழித்துண்டு கிடந்தது. ஹம்னா அதை விரல்களால் மெல்லத் தள்ளினாள். கோட்டைத் தாண்டி ஷிரோமியின் பக்கம் தள்ளிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் தன் சோற்றைப் பிசைந்தாள். சஹனில் இருக்கும் எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வது இது. நல்ல துண்டு மற்றவருக்கு. நான் அவளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்ததில்லை. யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. களப்பில் நின்றபோது வந்த அதே மலைப்பு, இந்தப் பாயில், என் பிள்ளையின் விரல் நுனியைப் பார்த்து வந்தது.

ஷிரோமி அந்தத் துண்டை இரண்டாகப் பிய்த்தாள். பாதியைத் திருப்பித் தள்ளினாள்.

பூங்கா முழுவதும் ஆட்கள் சாப்பிட்டு எழும்பினார்கள். எழும்பியதும் ஒரு வேடிக்கை நடந்தது. பழக்கத்தில் எல்லோருடைய கால்களும் குப்பைத் தொட்டிப் பக்கம் திரும்பின. பாதி வழியில் நின்று கைகளைப் பார்த்தார்கள். எறிவதற்கு ஒன்றுமில்லை. நியாஸ் நானா ஒரு சுருள் கறுப்புப் பைகளைக் கையில் வைத்துக்கொண்டு, அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். பூங்காப் பெண்ணின் இடுக்கியில் இரண்டு டின்களும் ஒரு மருந்துக் குளிசைக் கடதாசியும் மட்டும். எலும்புகளை ஒரு வாளியில் சேர்த்தோம்.

எங்கள் சஹனில் கடைசிப் பருக்கையையும் ஷிரோமி வழித்தாள். ஹம்னா குனிந்து பார்த்தாள்.

"உம்மா" என்றாள், "இதுல பூ இரிக்கு!"

சஹனின் உள்ளடியில் நீல நிறத்தில் ஒரு பெரிய பூ வரைந்திருக்கும். எங்கள் வீட்டில் எப்போதும் கொஞ்சம் சோறு மிஞ்சிவிடும், அதை வழித்துக் கழுவி மேலே ஏற்றுவது நான்தான். அதனால் அவள் அதை இதுவரை கண்டதேயில்லை.